ஒரு விசிலுக்கு நிற்கும் கால்

ஏப்ரல் 22, திங்கள்

காலை ஆறு மணி. காய்ச்சல் இல்லை. பிரஷர் 130/80. இட்லி மூன்று, பால் ஒரு டம்ளர்.

எழுதிவிட்டுப் படித்தால் வார்டில் எழுதும் கேஸ் ஷீட் மாதிரியே இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த கைக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. டாக்டரம்மாதான், "வீட்ல அவரு என்ன பண்றாரு, எதை மறக்கறாருன்னு எழுதி வைங்க கலாமணி சிஸ்டர்" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. ஜனவரியிலிருந்து இன்றுவரை எல்லாப் பக்கமும் காலி. அந்த நாட்களுக்கு அதுதான் பொருத்தம்.

நோயாளி: நாச்சிமுத்து, வயது 49, என் வீட்டுக்காரர். உடுமலையில் டவுன் பஸ் டிரைவர். பொங்கல் முடிந்து மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் கண்ட மறுநாளே சேர்த்துவிட்டேன். உயிர் பிழைத்தது, ஞாபகம் பிழைக்கவில்லை. கடைசி இருபத்து நான்கு வருடம் சுத்தமாகப் போய்விட்டது. தனக்கு இருபத்தைந்து வயது, லாரியில் கிளீனராக இருக்கிறோம், கல்யாணம் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடியில் நரைத்த மீசையைப் பார்த்தால் திடுக்கிடுகிறார். சற்று நேரத்தில் திடுக்கிட்டதையும் மறந்துவிடுகிறார். புதிதாக எதைச் சொன்னாலும் பத்து நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை.

லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் நான் நர்ஸ் என்பது மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க சிஸ்டர், எனக்கு எப்பங்க டிஸ்சார்ஜ்?" சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார்.

"நாளைக்குங்க."

இன்றைக்கு மட்டும் ஒன்பது தடவை சொல்லியாயிற்று.

ஏப்ரல் 25, வியாழன்

ஷேவிங் தானே செய்துகொள்கிறார், ஒரு கீறல் இல்லை. வேட்டி கட்டுகிறார். பாத்ரூம் எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறார். கேட்காமல் விட்டால் நேராகப் போய், இருட்டில்கூட ஸ்விட்சைச் சரியாகத் தட்டுகிறார். டாக்டரம்மா சொன்னது இதைத்தான். நடந்ததை வைக்கிற இடம் வேறு, பழகினதை வைக்கிற இடம் வேறு. முதலாவது வெந்துவிட்டது, இரண்டாவது அப்படியே இருக்கிறது.

மத்தியானம் ஒரு பயம். குக்கர் விசிலடித்ததும் அவருடைய வலது கால் விறைத்துத் தரையை அழுத்தியது. வலிப்புதான் வந்துவிட்டது என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கண் தெளிவாக இருக்கிறது, நாக்கு கடிபடவில்லை. "என்னுங்க பண்ணுது?" என்றேன். "ஒண்ணுமில்லீங்களே" என்றார். அடுத்த விசிலுக்கும் அதே மாதிரி அழுத்தினார். சாதம் வேகும்வரை நாலு விசிலுக்கும் நாலு தடவை.

ஏப்ரல் 28, ஞாயிறு

இஸ்மாயில் அண்ணன் வந்திருந்தார். இவரோடு ஒரே வண்டியில் பதினாறு வருடம் கண்டக்டராகப் போனவர். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். இவர் எழுந்து கும்பிட்டு, "நீங்க யாருங்க?" என்றதும் அண்ணனுக்குக் கையில் பை நிற்கவில்லை.

குக்கர் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, ஒரே ஒரு விசில் கொடுத்தார். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவரின் வலது கால் தரையில் இறங்கியது. பிரேக். அண்ணன் இரண்டு விசில் கொடுத்தார். இடது கால் அழுந்தியது, இடது கை பேப்பரை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய் இல்லாத கியரைத் தள்ளியது. கிளட்ச், கியர், ரைட்.

"ஒரு விசிலுக்கு ஸ்டாப், ரெண்டு விசிலுக்குப் போலாம்," என்றார் அண்ணன். "மண்டைல இல்லம்மா. கால்ல இருக்குது." சிரிக்கப் பார்த்தார். முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தான் பஸ் ஓட்டியதே இவருக்குத் தெரியாது. "டிரைவருங்களா? நானா? எங்க ஓனர் ஸ்டேரிங்கத் தொடவே உடமாட்டாருங்க" என்கிறார்.

போகும்போது அண்ணன் விசிலை என்னிடமே கொடுத்துவிட்டார். "தெருவுல எங்காச்சும் எறங்கிப் போய்ட்டா ஒதவும்." தாலிக்கொடியில் ஊக்குக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கனமாக இல்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "வண்டியெடுக்கையில ஒருநா கேட்டுப்புடோணும்னு நெனப்பேன்மா. வாய் வராது. எங்களுக்கெல்லாம் தெரியுந்தான்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆப்பிளை எடுத்து உள்ளே வைத்தேன்.

மே 3, வெள்ளி

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மே 8, புதன்

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார். "ரசம் நல்லாருக்குதுங்க சிஸ்டர்" என்கிறார். காலையில் நான் வாசல் கூட்டும்போது தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். எதிர்வீட்டு சுந்தரி, "கொடுத்து வெச்ச மகராசி நீ. என்னோடது ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஒரு டம்ளர எடுத்து வெக்க மாட்டீங்குது" என்று சிரிக்கிறாள்.

டாக்டரம்மா அவரைப் பற்றித்தான் எழுதச் சொன்னார். ஆனால் ஒரு வாரமாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதையும் எழுதி வைக்கிறேன். மூத்த நர்ஸ் ஒருத்தி இன்னொரு நோயாளியைக் கவனிப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

1. சோறு போடும்போது ஒரு கை தூரத்தில் நின்று, குனியாமல், கரண்டியை நீட்டிப் போடுகிறேன். கரண்டியின் காம்பு நீளம் என்று கடையில் தேடி வாங்கியது.

2. கதவுக்கும் எனக்கும் நடுவில் அவர் வரும்படி நான் நிற்பதில்லை. கதவு என் முதுகுப் பக்கம் இருக்கும்.

3. தெருமுனையில் பைக் சத்தம் கேட்டால் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறேன். அவருடைய பைக் ஜனவரியிலிருந்து கொட்டகையில் நிற்கிறது. அவர் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் குறைக்கிறேன்.

4. வலது பக்கமாகப் படுப்பதில்லை. இடது காதில் நான்கு வருடமாகச் சரியாகக் கேட்காது. நல்ல காது மேலே இருக்க வேண்டும்.

இடது காது கதவில் இடித்துக்கொண்டதில் போனது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. எழுதியது நான்தான்.

மே 14, செவ்வாய்

தபாலில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. கோத்தகிரி. குவார்ட்டர்ஸ் உண்டு. ஜூலை ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் ஜாயின் பண்ண வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப மூன்று வருடம் கேட்க முடியாது.

போன நவம்பரில் யாருக்கும் தெரியாமல் விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். ஆர்டர் வந்ததும் இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு போய்விடுவது என்று இருந்தேன். அவருக்குச் சொல்லிக்கொள்ளாமல்தான். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆர்டரை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். வைத்த பிறகுதான், யாரிடமிருந்து ஒளிக்கிறேன் என்று தோன்றியது. எடுத்து மேசைமேலேயே போட்டேன். அவர் எடுத்து வாசித்தார். "கோத்தகிரி நல்லா குளுகுளுன்னு இருக்குமுங்க சிஸ்டர். போய்ட்டு வாங்க" என்றார்.

மே 19, ஞாயிறு

மகள் தாரணி போன் செய்தாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், இரண்டாம் வருடம். எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பக்கத்துல இருக்காராம்மா?"

ஆர்டரைப் பற்றிச் சொன்னேன். "போறீங்கள்ல?" என்றாள்.

"ஒடம்பு செரியில்லாத மனுசன உட்டுட்டு எப்படிக் கண்ணு போறது? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இத்தன வருசம் என்ன சொல்லுச்சும்மா?"

போனை வைத்துவிட்டாள். நான் வெண்டைக்காய் நறுக்கினேன்.

மே 27, திங்கள்

இன்றைக்கு விசில் வேலை செய்தது. குளித்துவிட்டு வருகிறேன், ஆள் இல்லை. ஈரத் தலையோடு ஓடினேன். மெயின் ரோட்டில் நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார், எதிரே மணல் லாரி. நாக்கு ஒட்டிக்கொண்டது. விசிலை வாயில் வைத்து ஒரே ஊது. வலது காலை அழுத்திச் சிலை மாதிரி நின்றார். லாரி ஹாரனடித்துக்கொண்டு அவர் முன்னால் போயிற்று. இரண்டு விசில் கொடுத்தேன், நடந்து என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், ஏன் அழுவறீங்க?"

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு காரியம் செய்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. கூடத்தில் நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, ஒரு காரணமும் இல்லாமல், ஒரு விசில் ஊதினேன். நின்றார். கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் நான் சொல்லி அவர் நின்றது இன்றைக்குத்தான். இரண்டு விசில் கொடுத்தேன். மறுபடியும் ஒன்று ஊதினேன், நின்றார். அப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் அவர் நெற்றி வியர்த்துப் போய், "முடியலீங்க சிஸ்டர்" என்றார்.

தண்ணீர் கொடுத்தேன்.

ஜூன் 2, ஞாயிறு

தாரணி வந்தாள். செருப்பை வாசலில் கழற்றும்போது அதன் நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி விட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓட வேண்டுமென்றால் திருப்பிப் போட நேரம் இருக்காது என்று ஒன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துக்கொண்டவள். நான் அதைச் சுத்தம், ஒழுங்கு என்று பக்கத்து வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

"வாங்க கண்ணு, யாரு வேணும்?" என்றார் அவர். சிரித்த முகம். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

சமையலறையில் மெதுவாகப் பேசினோம்.

"பாரு கண்ணு, எப்படி மாறிட்டாருன்னு. இப்ப ஒரு சுடுசொல்லு கெடையாது. யாரு மேல கோவப்படறது? அவருக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல."

"அவருக்குக் காய்ச்சல் வந்து மறந்துருச்சும்மா. நமக்கு அந்தக் காய்ச்சல் வரலையே."

சொல்லிக்கொண்டே என் இடது சுண்டு விரலைப் பிடித்துத் தடவினாள். அது நேராக நிற்காது. மழையில் வழுக்கி விழுந்து உடைந்தது என்று எல்லோருக்கும் சொன்னது. விழுந்த அன்று மழை இல்லை. அவளுக்கு அப்போது எட்டு வயது, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணாந்தேதிக்குள்ள முடிவு பண்ணுங்க. நீங்க இங்கயே இருந்தா நான் இனிமே வர மாட்டேன். மெரட்டறேன்னு நெனைக்காதீங்க. இந்த வாசல்ல கால் வெச்சா இன்னும் கதவுக்குப் பின்னாலதான் நிக்கத் தோணுதும்மா, நான் என்ன பண்றது?"

சாப்பிடாமலே போய்விட்டாள். அவர் ஒரு மணி நேரம் கழித்து, "நாற்காலிய யாருங்க இங்க இழுத்துப் போட்டது?" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

கை நிதானமாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணி இருக்கும். கூடத்துச் சுவரில் தினசரி நாள்காட்டி மாட்டியிருக்கிறது. அதன் கீழே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மூன்று நாளாக நான் தாள் கிழிக்கவில்லை. அவர் தன்பாட்டுக்கு நடந்து வந்தார். காய்ச்சலுக்கு முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பது அவருடைய வேலை. கால் பழக்கத்துக்கு வந்திருக்கிறது, கையும் பழக்கத்துக்கு மேலே போயிருக்கிறது. வலது கை. என் தலைக்கு மேலே.

விசில் கழுத்தில்தான் இருந்தது. ஒரு ஊது ஊதினால் நின்றிருப்பார். என் கை விசிலுக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவேயில்லை. தோன்றுவதற்குள் மற்றது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. கீரை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். நான் சுவர் மூலையில் சுருண்டு கிடக்கிறேன். முழங்கால் நெஞ்சில். இரண்டு கையும் தலையைச் சுற்றி, இடது காதை உள்ளே கொடுத்து. கண் இறுக மூடியிருக்கிறது. வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது: "இல்லீங்க, இனிமே இல்லீங்க, இனிமே இல்லீங்க."

எது இனிமேல் இல்லை? எனக்கே தெரியாது. எப்போதும் அதைத்தான் சொல்வேன்.

ஒன்றும் விழவில்லை. தாள் கிழிகிற சத்தம் மட்டும் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் கொஞ்சம் தள்ளித் தரையில் குந்தியிருக்கிறார். முகம் வெளுத்துப் போயிருக்கிறது.

"சிஸ்டர்… யாருங்க உங்கள அடிச்சது?"

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"இப்படிச் சுருண்டுக்கறதுன்னா இன்னிக்கு நேத்துப் பழக்கமில்லீங்க. எங்கம்மா இப்படித்தான் சுருண்டுக்கும். எங்கப்பன் வூட்டுக்குள்ள வந்தாப் போதும். சொல்லுங்க, யாருங்க?"

இருபத்தொரு வருடத்தில் ஒருத்தரிடமும் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, என் அம்மா சாகும்வரை அவளிடம் சொல்லாததை, அவரிடம் சொன்னேன்.

"என்ற வீட்டுக்காரருங்க."

அவர் பல்லைக் கடித்தார். "ரொம்ப வருசமாங்களா?"

"கல்யாணமான மூணாம் மாசத்துல இருந்துங்க."

"அவனெல்லாம் மனுசனுங்களா?" என்றார். "உட்டுட்டு வந்துருங்க சிஸ்டர். கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கறீங்க, உங்களுக்கு என்னுங்க கொறச்சல்?"

"அவருக்கு இப்ப ஒடம்பு செரியில்லீங்க. பாத்துக்க ஆள் வேணும்."

கொஞ்சம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, ரொம்பவும் அக்கறையாக யோசித்தார்.

"அவனுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்களா?"

"ஒரு அக்கா இருக்காங்க."

"அப்புறம் என்னுங்க? அவங்க பாத்துக்கட்டும். நீங்க இருந்தா ஒரு நாளைக்கு இல்லீன்னா ஒரு நாளைக்குக் கைய வெச்சுருவானுங்க. அந்தக் கை கேக்காதுங்க. எங்கப்பனுக்குப் பக்கவாதம் வந்து படுத்தப்பக்கூட ஒரு கை தூக்குச்சுங்க."

சிதறிய கீரையை ஒவ்வொரு கொத்தாகப் பொறுக்கித் தட்டில் போட்டுக் கொடுத்தார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், எனக்கு எப்பங்க டிஸ்சார்ஜ்?"

ஜூன் 10, திங்கள்

முதல் பக்கத்தில் பொய் எழுதியிருக்கிறேன். காய்ச்சல் கண்ட மறுநாள் சேர்க்கவில்லை. மூன்றாம் நாள்தான் சேர்த்தேன்.

முதல் நாள் சாயங்காலமே பேச்சு குழறியது. என்னை 'அம்மா' என்று கூப்பிட்டார். சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது அழைத்து வந்திருந்தால் அந்த நிமிடமே ஐ.சி.யு.வுக்கு ஓடியிருப்பேன். அதற்கு முந்தின வாரம், பொங்கலன்றைக்கு, எல்லோரும் இருக்கும்போது கரும்பை எடுத்து என்னை அடித்திருந்தார். முதுகில் தடிப்பு இறங்கவில்லை. அவர் கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தார். வீடு அமைதியாக இருந்தது. நான் டீ போட்டு, உட்கார்ந்து குடித்தேன். சூடு ஆறுவதற்கு முன்னால் முழு டம்ளரையும் குடித்தது எத்தனை வருடம் கழித்து என்று நினைத்தேன். அப்படியே ஒரு முழு நாள் போய்விட்டது.

அந்த ஒரு நாளில் எத்தனை வருடம் வெந்து போயிற்றோ. அதனால்தான் இத்தனை நாள் இங்கேயே கிடக்கிறேன். ஊர் பேசும் என்பதெல்லாம் நான் தாரணிக்குச் சொன்ன சாக்கு.

ஜூன் 13, வியாழன்

புதிதாக ஒன்று. நான் கூடத்துக்குள் வந்தால் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். நேற்றும் செய்தார், முந்தாநாளும் செய்தார். நான் சமையலறைக்குப் போனால் கை முன்னால் வந்துவிடுகிறது. சுந்தரி வந்தபோது கட்டவில்லை. எனக்கு மட்டும்தான்.

"ஏனுங்க கையப் பின்னால கட்டிக்கறீங்க?" என்று கேட்டேன்.

குழம்பிப் போனார். "தெரீலீங்களே. இப்படி இருந்தா மனசுக்குச் செரியா இருக்குதுங்க."

டாக்டரம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். முழுதாகச் சொல்லவில்லை, பாதி சொன்னேன். "நடந்தது அவருக்கு ஞாபகம் இருக்காது சிஸ்டர். ஆனா அன்னிக்கு அவரு மனசு பதறுச்சுல்ல, அது தங்கியிருக்கும். ஏன்னு தெரியாமலே ஒடம்பு அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கும்" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். பத்து நிமிடம் ஞாபகம் நிற்காத மூளை இதை ஒரே நாளில் படித்துவிட்டது. நல்ல மூளை இருபத்தொரு வருடத்தில் படிக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

அவருடைய அக்கா ருக்மணி வந்திருந்தார். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். கோமங்கலத்தில் தனியாக இருக்கிறார், இரண்டு எருமை. சண்டைக்குத் தயாராக, பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆர்டரை நங்கையா முன்னால் வைத்தேன்.

நங்கையா எங்கள் வீட்டுக்கு வந்தால் எப்போதும் சுவரில் முதுகைக் கொடுத்து, வாசல் தெரியும்படி உட்காருவார். அடக்கமான பெண்பிள்ளை என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் அப்படியே உட்கார்ந்தார். நானும் எதிர்ச்சுவரில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனப்பாடம் செய்தது ஒன்றும் தேவைப்படவில்லை.

"நீ கெளம்பு அம்மிணி," என்றார். "அவன நான் கூட்டிட்டுப் போறேன். சின்னதுல எங்கப்பன் கையத் தூக்குனா இவன என்ற முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சுக்குவேன். வளந்து அதே கையோட நிப்பான்னு நெனைக்கல. நான் அப்பவே வந்து கேட்டிருக்கோணும். கேக்கல."

வீட்டுக்காரர் எருமையைப் பற்றிக் கேட்டார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரிகிறது. அக்காவுக்கு மட்டும் ஏன் இப்படி வயதாகிவிட்டது என்றுதான் புரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டேன். ஷேவிங் செட், ஆறு வேட்டி, ஸ்வெட்டர். நங்கையாவுக்கு விசில் ஊதப் பழக்கினேன். "ஒண்ணு ஊதுனா நிப்பாரு, ரெண்டுன்னா வருவாரு. சும்மா சும்மா ஊதாதீங்க, அவருக்குத் தாங்காது."

கொடியிலிருந்து விசிலைக் கழற்றிய இடத்தில் கழுத்து லேசாகக் கறுத்திருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு. கோத்தகிரி

மாலை ஐந்து மணி. குவார்ட்டர்ஸில் ஒரு அறை, சமையலறை, ஜன்னலுக்கு வெளியே தேயிலை. தாரணி வந்து பால் காய்ச்சினாள். செருப்பை வெளியே திருப்பித்தான் விட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் ஒரு ஆள் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், என் தலை தானாகக் குனிந்தது. பக்கத்து சீட் அம்மாள், "தூக்கமாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதற்கெல்லாம் எத்தனை நாளாகுமோ, தெரியவில்லை.

கிளம்பியதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் அவரைக் கோமங்கலத்தில் விட்டேன். நங்கையா வீட்டுக்கு எதிரிலேயே பஸ் நிற்கும். பொள்ளாச்சி வண்டி வந்தது. "போய்ட்டு வர்றனுங்க" என்றேன். "செரிங்க சிஸ்டர்" என்றார். "உங்க வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். கீழே நின்றிருந்த அவருடைய இடது கால் செருப்போடு மண்ணை அழுத்தியதைப் பார்த்தேன். இந்த இரண்டு மாதத்தில் இரட்டை விசிலைக் கேட்டு அந்த இடது கை கியருக்குப் போகாமல் இருந்ததே இல்லை. வண்டி நகர்ந்தது. நங்கையா கையாட்டினார். பக்கத்து வீட்டம்மாகூட, என்னை யாரென்றே தெரியாதவர், கையாட்டினார். அவர் மட்டும் வண்டி திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.